பன்னிரண்டு அடிக்கு அப்பால் லூமிர்

அமெரிக்காவில் எங்கள் கவுண்டியில் குறி தவறுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தன் களஞ்சியத்தைப் பார்த்துச் சுட்டால் அடுத்த ஊர்க் களஞ்சியத்தில் படும்படி சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் முதல் ஆள் நான். ஆனால் குண்டைக் கட்டிலில் படுக்கவைத்த மாதிரி பக்கவாட்டில் அனுப்பும் திறமை லூமிர் ஹவ்ரானெக் ஒருவருக்குத்தான் வாய்த்தது. மற்றவர்கள் சுட்டால் குறித்தாளில் வட்டமாக ஓட்டை விழும். அவர் சுட்டால் சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழியும். பதினோரு வருடமாக இப்படித்தான். துப்பாக்கி கிளப்பில் அவருக்குப் 'பூட்டுக்கடை' என்று பட்டப்பெயர் வைத்தது அடியேன்தான். நான் டயர் கடை வைத்திருக்கிறேன், வேலை குறைவு, வாய் அதிகம்.

லூமிருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடம் ரயில் பாதை ஓரத்துத் தானியக் கிடங்கில் சோளம் எடை போட்டவர். உயரம் எவ்வளவு என்றால், மழை வருவது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். கால்சட்டை அவிழக் கூடாது என்று பெல்ட்டும் போடுவார், தோளில் பட்டையும் மாட்டுவார். எதிலும் அப்படி இரண்டு முறை பார்க்கிற மனுஷன்.

அவருடைய ரிவால்வர் முதல் உலகப் போரில் இங்கிலாந்து அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்டது. கழுத்தை மடக்கினால் கோழி மாதிரி இரண்டாக மடங்கும். எடை ஒரு சின்னக் கன்றுக்குட்டி இருக்கும். ஒரு பண்ணை ஏலத்தில் அவர் மனைவி ஜார்ஜீன் தொத்திறைச்சி திணிக்கும் மிஷினுக்கு ஆசைப்பட்டுக் கை தூக்க, அதோடு சேர்த்துக் கட்டிய பெட்டியில் இதுவும் வந்தது. மிஷின் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் உடைந்துவிட்டது. ரிவால்வர் மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது.

அதில் ஒரு வியாதி இருந்தது. தோட்டா போடும் ஆறு அறைகளின் வாயும் கொஞ்சம் ஒடுக்கம். குழலோ அகலம். குண்டு வாயில் பிழிபட்டு ஒல்லியாகி, குழலுக்குள் அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி தொளதொளவென்று போகும். வெளியே வந்ததும் குட்டிக்கரணம். லூமிர் இரண்டு வருடம் இதற்கு வைத்தியம் பார்த்தார். குழலுக்குள் ஈயத்தைத் தட்டி இறக்கி, வெளியே வந்ததை எடுத்து அளந்தார். பத்தொன்பது வகைக் குண்டு வார்த்துப் பார்த்தார். மூக்குக் கூர்மை, மூக்கு மொட்டை, கனம், லேசு, எல்லாம். கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு இடத்தில் பெண் பார்க்கவில்லை என்று ஜார்ஜீன் அக்காவே சொல்வார்.

கடைசியில் கண்டுபிடித்தார். குண்டு மெத்தென்று இருக்க வேண்டும், அடியில் குடைந்த பள்ளம் வேண்டும். மருந்து வெடிக்கும்போது அந்தப் பள்ளம் விரிந்து, பாவாடை மாதிரி குழலை நிறைத்துக்கொள்ளும். முப்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், அதற்கு மேல் எதுவும் சேரக் கூடாது. எங்கோ இடித்த மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைச் சுவரில் இருந்த தகடு அவருக்குக் கிடைத்தது. வெண்ணெய் மாதிரி ஈயம், நகத்தால் கீறலாம். அதை உருக்கி, வெள்ளீயம் கலந்து, ஜார்ஜீன் அக்கா கேக் சுடும் குழித்தட்டில் ஊற்றி, பவுண்டுக்கு ஒன்றாக ஒன்பது கட்டி எடுத்தார். அந்தக் குழித்தட்டுக்காக வீட்டில் நடந்த போரில் இங்கிலாந்து அதிகாரிகள் யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள். அடியில் பள்ளம் விழும் அச்சு ஏப்ரலில் தபாலில் வந்தது.

மே மாதம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். லூமிரின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை. அவரையே உருக்கி அச்சில் ஊற்றலாம் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிருந்தது. இனி ஈயம் உருகும் இடத்தில் கால் வைக்கக் கூடாது, வெட்டவெளியில் எப்போதாவது சுட்டுக்கொள்ளலாம், ஆனால் வார்ப்பது கிடையவே கிடையாது என்றார் டாக்டர். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத அச்சு மேசையில் இருந்தது. ஒன்பது கட்டி இருந்தது. அக்டோபர் முதல் சனிக்கிழமை பழைய ராணுவ ரிவால்வர் போட்டி இருந்தது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆர்லிஸ் வோண்ட்ராவின் கண் முன்னால், தன் கையால், ஒரு வட்ட ஓட்டை.

ஆர்லிஸ் என்பவர் கிளப்பின் தலைவி, நடுவர், சமையல்காரி, எல்லாம். அறுபத்தெட்டு வயது. அமெரிக்க ராணுவத்தின் பழைய ரிவால்வர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பது முறை கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோனவர். லூமிரின் தாளை ஒவ்வொரு வருடமும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "எந்தப் பூட்டுக்குய்யா இது?" என்று கேட்பவர்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால், திங்கட்கிழமை, லூமிர் என் கடைக்கு வந்தார்.

"டேய் டுவேன். உனக்குக் கை நடுங்குமா?"

"பீர் குடிக்காதப்போ நடுங்கும்ணே."

"நாளைக்குக் குடிச்சுட்டு வா. எனக்குக் குண்டு வாத்துக் குடுக்கணும்."

மறுநாள் போனால், ஷெட் வாசலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் புல்லில் ஜார்ஜீன் அக்கா சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மடக்கு நாற்காலி. அதில் லூமிர். அவர் பின்னால் அக்கா, சிறைக் காவலர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு மாஸ்க், கண்ணாடி, முழங்கை வரை கையுறை, மாட்டுக்கு மருந்து அடிக்கும்போது போடுகிற நீளக் கோட்டு. புகை தங்கக் கூடாது என்று பன்றிக் கொட்டகையிலிருந்து ஒரு ராட்சச விசிறியைக் கொண்டுவந்து அக்கா ஷெட்டில் வைத்திருந்தார். அது சுற்றினால் ஹெலிகாப்டரே வெட்கப்படும்.

"கோட்டைத் தாண்டினா என்ன ஆகும்னு சொல்லிருக்கேன்ல?" என்றார் அக்கா.

"சொல்லிட்ட, சொல்லிட்ட" என்றார் லூமிர். "டேய், எட்டுக் கட்டியப் போடு. மெதுவா சூடு ஏத்து. அவசரப்பட்டு அந்தத் திருகாணியில கை வைக்காத."

எட்டுக் கட்டியையும் பாத்திரத்தில் போட்டேன். மெல்ல உருகி, கண்ணாடி மாதிரி பளபளவென்று நின்றது. கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றினேன். முதல் பத்து குண்டும் என் தாத்தாவின் முகம் மாதிரி சுருக்கம், திரும்பப் பாத்திரத்திலேயே போட்டேன். அச்சு இன்னும் சூடாகவில்லை என்று லூமிர் கத்தினார். அதுவரை விசிறி பாதி வேகத்தில்தான் இருந்தது. புகை கிளம்பியதைப் பார்த்து அக்கா உள்ளே எட்டி முழு வேகத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த உபகாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வரும்போது வெறுங்கையோடு வர மனசு வரவில்லை. எங்கள் கடையில் கார் சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் மாட்டும் சின்ன எடைக்கட்டிகள், பழையது, ஒரு டப்பா நிறைய இருந்தது. முன்பெல்லாம் அதெல்லாம் ஈயம். ஊரில் குண்டு வார்க்கிறவர்கள் அத்தனை பேரும் அதற்காக என் கடை வாசலில் தவம் கிடப்பார்கள். லூமிருக்கு ஒரு பரிசு என்று நினைத்துப் பத்துப் பன்னிரண்டு எடுத்துப் பாத்திரத்தில் போட்டேன். போடும்போது ஒன்று கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

டிங் என்றது.

ஈயம் விழுந்தால் டிங் என்று சொல்லாது. தொப் என்று விழும், அவ்வளவுதான். அந்த விசிறிச் சத்தத்தில், பன்னிரண்டு அடிக்கு அப்பால், எழுபத்தொரு வயதுக் காதில் அது விழுந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்கு விழவில்லை. இப்போது வருகிற எடைக்கட்டிகளில் பாதி துத்தநாகம். ஒன்றே ஒன்று உருகிக் கலந்தால் போதும், பாத்திரம் முழுக்கப் பாழ்.

நான் பார்க்கிறேன், எடைக்கட்டிகள் உருகாமல் மேலேயே மிதக்கின்றன. துத்தநாகம் ஈயத்தை விட அதிகச் சூடு கேட்கும். அந்த நேரம் கரண்டியால் அள்ளி வெளியே போட்டிருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். எனக்கு என்ன தெரியும்? 'இதென்ன, பிடிவாதம் பிடிக்குது' என்று திருகாணியைக் கடைசி வரை திருகினேன்.

தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊமைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. லூமிர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார். வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஒரு கால் கோட்டைத் தாண்டிக் காற்றில் இருக்கிறது. பின்னாலிருந்து அக்கா அவருடைய தோள்பட்டையைப் பிடித்து இழுக்கிறார். அந்தப் பட்டை ரப்பராச்சே! நீண்டுகொண்டே போகிறது. லூமிர் முன்னால் சாய, அக்கா பின்னால் சாய, நடுவில் பட்டை ஒரு மைல் நீளத்துக்கு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நானும் கரண்டியை ஆட்டிக் காட்டினேன்.

அக்கா பட்டையை விடவில்லை. கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தரையில் படவேயில்லை.

திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தால், எடைக்கட்டிகள் மிதக்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த ஈயம் ஓட்ஸ் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. கரண்டி விட்டால் திரிதிரியாக வருகிறது. விசிறியை நிறுத்தினேன்.

"அண்ணே, இது ஏன் கஞ்சியாயிடுச்சு?"

லூமிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கரண்டிய வெளிய எடு" என்றார். "சூட்ட நிறுத்து."

"வடிகட்டிரலாமாண்ணே?"

"இல்லடா."

"நான் வேற ஈயம்..."

"சனிக்கிழமைக்குள்ள இந்த ஈயம் எங்கருந்துடா வரும்? இன்னொரு ஆஸ்பத்திரியையா இடிப்ப?"

இதை அவர் திட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொன்னார். மரத்துப்போன இரண்டு விரலை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் எத்தனையோ பேர் டயரைக் கிழித்திருக்கிறேன். ஒரு ஜோக் சொன்னால் சரியாகிவிடும். அன்று டப்பாவை மூடி வாசலுக்கு வெளியே வைத்தேன்.

ஜார்ஜீன் அக்கா வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது, குப்பை அள்ளும் நீளக் கிடுக்கியின் நுனியில், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி, மூன்று பிளாஸ்டிக் பை சுற்றிய ஒரு கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது கட்டி. சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க லூமிர் முட்டுக் கொடுத்து வைத்திருந்தது.

"அதத் தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்ன?" என்றார் லூமிர்.

"பொய் சொன்னேன். டுவேன், மறுபடி உன் டப்பாவத் தொட்ட, உன்னையே அந்தப் பாத்திரத்துல போட்டுருவேன்."

"உருக மாட்டேன்கா, கொழுப்பு ஜாஸ்தி."

இந்த முறை வேறு பாத்திரம். விசிறியைக் குறைக்க அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் லூமிர் ஈ அடிக்கும் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். மட்டை உயர்ந்தால் ஊற்று. தாழ்ந்தால் பொறு. குறுக்கே ஆடினால் 'மடையா, சுருக்கம் விழுந்திருக்கு, திருப்பிப் போடு'. குறுக்கேதான் அதிகம் ஆடியது. வார்த்த ஒவ்வொன்றையும் நான் கிடுக்கியில் பிடித்து வாசல் வெளிச்சத்தில் காட்ட, அவர் மான் வேட்டைத் தொலைநோக்கியால் பார்ப்பார். பன்னிரண்டு அடிக்குத் தொலைநோக்கி! குண்டு பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்திருக்கும். அடிப்பள்ளத்தில் மயிரிழை குறை இருந்தாலும் மட்டை ஆடும்.

சாயங்காலம் பாத்திரத்தின் அடியில் கரண்டிக்கு எட்டாத அளவுக்குத்தான் ஈயம் மிச்சம். பத்தொன்பது குண்டு. ஒன்றில் பள்ளத்தின் விளிம்பு மழுங்கியிருந்தது. மட்டை ஆடியது. பதினெட்டு. போட்டிக்கு வேண்டியதும் பதினெட்டு. முன்னால் ஒன்றைச் சுட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. தேன்மெழுகு தடவியதும், மருந்தை எடை போட்டு அந்தப் பதினெட்டையும் தோட்டாவில் ஏற்றியதும் நான்தான், அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க.

சனிக்கிழமை நல்ல வெயில். கிளப்பில் ஆர்லிஸ் அண்டா நிறைய மிளகாய் போட்ட மாட்டிறைச்சிக் குழம்பும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் வைத்திருந்தார். லூமிர் சலவைச் சட்டை. சர்ச்சுக்குப் போடுகிற தோள்பட்டை. தக்காளிச் சாறு ஊற்றிய பீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

பெயர் எழுதும் மேசையில் ஆர்லிஸ் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டார். தலை நிமிரக்கூட இல்லை.

"உன் கையால வாத்ததுதான?"

அந்த விதியைக் கொண்டுவந்தவரே லூமிர்தான். பதினான்கு வருடம் முன்னால் ஒரு பல் டாக்டர் தபாலில் குண்டு வாங்கிச் சுட்டுக் கோப்பையை அடித்துக்கொண்டு போனார். கொதித்துப்போய், 'சுடுகிறவர் தன் குண்டைத் தானே வார்க்க வேண்டும்' என்று தன் கையாலேயே பலகையில் பெயிண்ட் அடித்து மாட்டினார். அந்தப் பலகை அப்போது ஆர்லிஸின் தலைக்கு மேலேதான் தொங்கியது. குண்டு வார்த்த அன்று எனக்கு அது ஞாபகமே வரவில்லை; லூமிருக்கு வந்ததா என்று நான் கேட்டதில்லை.

"ஆமா!" என்றேன் நான், குறுக்கே புகுந்து. "அவரு கைதான். அச்சு அவருது, ஈயம் அவருது, ஈ மட்டை அவருது."

"உன்னக் கேக்கல, டயரு."

லூமிர் பலகையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. யார் கேட்கப்போகிறார்கள்?

"இல்ல" என்றார். "டுவேன் வாத்தான். நான் தள்ளி உக்காந்திருந்தேன்."

ஆர்லிஸ் இப்போது நிமிர்ந்தார். பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர்.

"லூமிர், எனக்கு வேற வழி இல்லய்யா. நீ எழுதுனதுதான். வேணும்னா வாத்தவன் சுடட்டும்."

"அண்ணே, வேணாம்" என்றேன். "போட்டி முடிஞ்சப்புறம் ஓரமா நீங்களே சுட்டுக்கங்க."

"ஓரமா சுட்டா யாருடா பாப்பா? பதினோரு வருஷமா இவங்க முன்னாடிதான சிரிப்பா சிரிச்சிருக்கு." ரிவால்வரை உறையோடு என் கையில் வைத்தார். "போ. எழுது, இவன் பேர."

நான் கெஞ்சிப் பார்த்தேன். நான் குறி பார்க்கும் லட்சணம் ஊருக்கே தெரியும். என் பெயரைக் கூப்பிட்டதும் நாய்களைக் கட்டிப்போட்டார்கள். லூமிர் சுடும் கோட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பழக்கதோஷம், அங்கேயும் பன்னிரண்டு அடி தள்ளித்தான் போட்டிருந்தார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சுட்டேன். ஆறு, மறுபடி ஆறு, மறுபடி ஆறு. ரிவால்வர் ஒவ்வொரு முறையும் கோவேறு கழுதை மாதிரி உதைத்தது. எட்டு மண்மேட்டுக்குப் போனது. ஒன்று பக்கத்திலிருந்த ஆர்லிஸின் தாளில் நடுப்புள்ளியில் விழுந்தது, அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று அவர் சண்டை போட்டார். ஒன்பது என் தாளின் ஓரத்தில், திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தது. கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு கேவலமாக யாரும் சுட்டதில்லை என்று ஒருவர் கை குலுக்கினார்.

ஆர்லிஸ் தாளைக் கழற்றினார். வழக்கம்போல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வாயைத் திறந்தவர் பூட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மதிப்பெண்ணை எழுதிவிட்டு, தாளைக் கொண்டுபோய் லூமிரின் மடியில் வைத்தார்.

"நல்ல குண்டுய்யா" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

"மொதல்ல கையுறை போடு" என்று ஆரம்பித்த ஜார்ஜீன் அக்கா, லூமிரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

லூமிர் வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தார். முதல் ஓட்டையில் விரலை வைத்தார். விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போடவில்லை.

"டேய்," என்றார், "வட்டமாடா இது? வெரலுக்குத் தெரியல."

"வட்டம்ணே."

விரல் அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தது.

"இது?"

"வட்டம்."

"வெளையாடாத."

"சத்தியமா வட்டம்ணே."

ஒன்பதுக்கும் கேட்டார். ஒன்பதுக்கும் சொன்னேன்.